தொரைக்கு அறுபது நாள்

தொரை தோற்றுப்போனதாக எழுதிக் கையெழுத்துப் போட்டது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாராவது வந்து, "நீயே எழுதிட்டு நீயே சண்டைக்குப் போனியா?" என்று கேட்டால் எனக்குக் கோபம் வரும். ஆமாம், நானே எழுதினேன், நானே சண்டைக்கும் போனேன். கண்ணால் பார்த்ததை மாற்றி எழுத எனக்குத் தெரியாது.

பதினெட்டு வருஷமாகக் காளைப் பண்ணையின் லேப்பில் இருக்கிறேன். காளைகளிடமிருந்து எடுக்கும் விந்தில் ஒரு துளியை வெதுவெதுப்பான ஸ்லைடில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது என் வேலை. நல்ல துளி என்றால் கலைந்த எறும்புப் புற்று மாதிரி அலையும். நூற்றுக்கு எழுபது அணுக்கள் நேராக ஓடினால் காளை பாஸ். தொரையின் துளியில் அன்று ஓடியது இருபத்தைந்து. மற்றவை வாலைச் சுருட்டிக்கொண்டு கிடந்தன. மூன்று ஸ்லைடு மாற்றிப் பார்த்துவிட்டுத்தான் எழுதினேன்.

தொரைக்கு ரெக்கார்டில் ஒரு நம்பர் உண்டு. நம்பரைச் சொன்னால் இங்கே யாருக்கும் தெரியாது. தொள்ளாயிரம் கிலோ, கறுப்பு உடம்பு, நெற்றியில் வெள்ளை. கன்றாக வந்து இறங்கிய அன்று லாரிப் பலகையில் கால் வைக்க மாட்டேன் என்று அரை மணி நேரம் நின்றான். "தொரை கம்பளம் விரிச்சாத்தான் இறங்குவாரு போல" என்றான் என் அண்ணன். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அண்ணனும் அன்றிலிருந்து அவனோடு ஒட்டிக்கொண்டான். ஏழு வருஷமாகத் தொரையைக் குளிப்பாட்டுவது, நடத்துவது, குளம்பு பார்ப்பது எல்லாம் அண்ணன்தான்.

அண்ணனுக்கும் பண்ணையில் ஒரு வருஷமாக ஒரு பட்டப்பெயர் உண்டு. சைரன். அவன் பேசினால் மதில் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும்.

ரிசல்ட்டை மேனேஜர் மேசையில் வைத்தேன். மனுஷர் முகத்தில் வருத்தத்துக்குப் பதிலாக நிம்மதி தெரிந்தது. புதுக் காளைகள் மூன்று வரப்போகின்றன. கொட்டகையில் இடம் இல்லை.

"விதி தெரியும்ல மேடம்? அறுபது நாள் கழிச்சு இன்னொரு டெஸ்ட். அதுலயும் ஃபெயில்னா கறிக்கு ஏத்திட வேண்டியதுதான். லாரிக்கு இப்பவே சொல்லி வச்சிடறேன்."

"பிள்ளை பொறக்கறதுக்கு முன்னாடியே பேர் வைக்கறீங்களே சார்."

"இருபத்தஞ்சுன்னு எழுதினது நீங்கதானே?"

வெளியே வந்தால் அடுத்த சண்டை காத்திருந்தது. விந்து எடுக்கும்போது குழாய் பிடிக்கிறவர் ஒருவர் இருக்கிறார், மீசைக்காரர் என்று கூப்பிடுவோம். அவர் தன் மீசையையே யாரோ பிடித்து இழுத்த மாதிரி நின்றார்.

"டம்மி மாட்டு மேல எப்படிப் பாய்ஞ்சு ஏறுறான் பாத்தீங்கல்ல? அவனைப் போய் ஃபெயில்னு எழுதிட்டீங்களே!"

ஏறுவது வேறு, உள்ளே இருப்பது வேறு என்று இந்த ஆண்களுக்குப் பதினெட்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எத்தனையோ வீடுகளில் டெஸ்டுக்குப் பெண்டாட்டியை மட்டும் அனுப்பிவிட்டுத் தாங்கள் கம்மென்று உட்கார்ந்திருப்பவர்களும் இதே கணக்கில்தான் இருக்கிறார்கள்.

அண்ணன் மட்டும் தொரையின் கழுத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். அதுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது.

அந்த அறுபது நாள் கெடுவை யாரும் சும்மா வைக்கவில்லை. காளையின் உடம்பில் ஒரு விந்தணு உருவாகி முதிர்ந்து வெளியே வர ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும். ஆகவே இன்று நான் ஸ்லைடில் பார்ப்பது, இரண்டு மாதத்துக்கு முன்னால் அந்தக் காளை என்ன பாடு பட்டது என்பதைத்தான். காய்ச்சல், வெயில், பயம் எல்லாம் அதில் தெரியும், ஆனால் தாமதமாகத் தெரியும். தொரைக்குக் காய்ச்சல் இல்லை. விதைப்பையை நாடா வைத்து அளந்தேன், பழைய அளவுதான். தீவனம் அதேதான். கொட்டகையில் மின்விசிறி ஓடியது. பிறகு எதனால் தோற்றான்?

பாஸ், ஃபெயில் என்று எழுதுவது ஆறு மாதத்துக்கு ஒரு டெஸ்டில்தான்; வாரா வாரம் எடுப்பதை நோட்டில் குறித்து மட்டும் வைப்போம். ரெக்கார்டு நோட்டை எடுத்து ஆறு மாதத்துக் கணக்கையும் முதலிலிருந்து பார்த்தேன். அறுபத்தெட்டு, ஐம்பது, முப்பத்தைந்து என்று இறங்கிக்கொண்டே வந்தது. நடுவில் ஒரு வாரம் மட்டும் எழுபத்திரண்டு. அடுத்த வாரம் மறுபடி முப்பத்து நான்கு. அந்த எழுபத்திரண்டைப் பார்த்தபோது எழுதும்போதே தப்பாக எழுதிவிட்டேனோ என்று நினைத்தேன். பிறகு அந்த வாரத்திலிருந்து இரண்டு மாதம் பின்னால் போய், கொட்டகையின் வருகைப் பதிவைப் பார்த்தேன். ஒன்பது நாள் அண்ணன் வேலைக்கு வரவில்லை. வேறொரு காளை மிதித்துக் கால் விரல் உடைந்து வீட்டில் கிடந்தான். அந்த ஒன்பது நாளும் தொரையைப் பார்த்துக்கொண்டது மீசைக்காரர்.

மீசைக்காரர் ஒன்றும் சாது இல்லை. ஆனால் அந்த நாட்களில் அவர் கடவாய்ப்பல்லைப் பிடுங்கி, கன்னம் வீங்கி, வாயில் பஞ்சோடு சுற்றினார். வாயைத் திறக்கவே முடியவில்லை.

நோட்டை மூடிவிட்டு லேப் ஜன்னலுக்குப் போய் நின்றேன். எதிரே தொரையின் கொட்டகை. அண்ணன் வாளியோடு உள்ளே நுழைந்தான். "டேய் தொரை! எழுந்திருடா ராஜா!" என்று ஒரு கூப்பாடு. கொஞ்சல்தான். ஆனால் தொரையின் உடம்பு அப்படியே இறுகியது. காது பின்னால் போனது, கண்ணில் வெள்ளை தெரிந்தது. அசை போடுவதை நிறுத்திவிட்டு நீராகச் சாணி போட்டான். பயந்த மாடு அப்படித்தான் செய்யும். தினமும் இது எத்தனை தடவை நடக்கிறதோ!

அடுத்த நாள் அண்ணன் லேப் வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றபோது, அவனுக்குப் பின்னால் ஸ்டீல் தட்டை வேண்டுமென்றே கீழே போட்டேன். பக்கத்து அறையில் இருந்தவர்கள் ஓடி வந்தார்கள். அண்ணன் திரும்பவில்லை.

சாயங்காலம் நேரே அவன் வீட்டுக்குப் போனேன். தெருமுனையிலேயே டிவி கேட்டது. அண்ணி அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை நாளா அண்ணி இப்படி?"

"ஒரு வருஷம் ஆச்சு. கூப்பிட்டா வர மாட்டேங்கறாரேன்னு முதல்ல திமிருன்னு நினைச்சேன். கல்யாணமான நாள்லேருந்து கூப்பிட்டா வராத மனுஷன்தானே, எனக்கு எப்படி வித்தியாசம் தெரியும்?"

அண்ணன் வந்து உட்கார்ந்தான். டிவியை அணைத்தேன். "உனக்குக் காது கேக்குதா?" என்று முகத்துக்கு நேராகக் கேட்டேன்.

"எனக்கென்ன, பாம்புச் செவி!"

நான் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு ஒரு வாக்கியம் சொன்னேன். "இப்ப என்ன சொன்னேன்?"

கொஞ்சம் விழித்தான். "டீ கேட்ட."

"உன்னால தொரை சாகப் போறான்னு சொன்னேன்."

இதை அவன் முகம் பார்த்து, உதடு தெரியச் சொன்னேன், அதனால் புரிந்துவிட்டது. எழுந்து என்னை அடிக்க வந்த மாதிரி நின்றான். "நானா? என் கை அவன் மேல பட்டிருக்கா? கம்பு எடுத்திருக்கேனா?"

"கையால அடிக்கலண்ணா. தொண்டையால அடிக்கற. உன் காதுக்குக் கேக்கற அளவுக்குப் பேசற, அது அவன் காதுல இடியா விழுது. மாட்டுக்கு நம்மளைவிடக் காது கூர்மை."

நோட்டில் இருந்த கணக்கை ஒவ்வொன்றாகச் சொன்னேன். மீசைக்காரரின் பல் கதை வந்தபோது அண்ணி சிரித்துவிட்டு, பிறகு புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். அண்ணன் சிரிக்கவில்லை. உடைந்து சேர்ந்த கால் விரலைத் தடவிக்கொண்டே சொன்னான்:

"கொஞ்ச நாளா நான் போனா அவன் ஒதுங்கறான். நான் கூப்பிடறது அவனுக்குக் கேக்கலையோன்னு நினைச்சு இன்னும் கத்தினேன்."

எனக்கு அழுகை வந்தது. வரட்டும் என்று விட்டேன்.

"மேனேஜர்கிட்ட சொல்லாத" என்றான். "காது கேக்காதவனைக் காளைகிட்ட விட மாட்டாங்க. தீவனக் கிடங்குக்கு மாத்திடுவாங்க. நாள் பூரா மூட்டை மூஞ்சில முழிக்கணும். மூட்டை என்னைப் பாத்துத் தலையாட்டுமா?"

விதி அதுதான். பின்னால் ஒரு காளை கயிற்றை அறுத்துக்கொண்டு வந்தால் செவிடனுக்குத் தெரியாது. அதனால் அந்த விதியைக் கேலி செய்ய மாட்டேன். ஆனால் அண்ணனை மாற்றினால் வேறு ஒருவன் கம்போடு வருவான். அறுபது நாளில் தொரைக்கு விமோசனம் கிடையாது. சொன்னால் இருவரும் போவார்கள், மறைத்தால் ஒருவனாவது பிழைப்பான். மறைத்தேன். இன்றைக்குக் கேட்டாலும் மறைத்தேன் என்றுதான் சொல்வேன்.

மறுநாளே ஆரம்பித்தோம். பழுதான லாரி ஒன்றின் பக்கக் கண்ணாடியைக் கழற்றி, தொரையின் கண்ணுக்கு எட்டாத உயரத்தில் கொட்டகைச் சுவரில் மாட்டினேன். பின்னால் யார் வந்தாலும் அண்ணனுக்குத் தெரியும். கொட்டகைக் கதவின் இரும்புக் கொக்கிக்கு சைக்கிள் டியூபைச் சுற்றினேன், டங்கென்று அடிக்காமல் இருக்க. கொட்டகை மூலையில் சாத்தியிருந்த கம்பை எடுத்து அடுப்பெரிக்க அண்ணியிடம் கொடுத்தேன். அண்ணன் வாயில் துண்டைக் கட்டிக்கொண்டான். வாய் உள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். எங்கள் கதையில் வாயை மூடினால்தான் பிள்ளை பிழைப்பான்.

வாய்ப்பேச்சுக்குப் பதிலாகத் தொடுகை. தோளில் மெதுவாக இரண்டு தட்டினால் நடக்க வேண்டும். கழுத்தில் உள்ளங்கையை வைத்தால் நிற்க வேண்டும். கயிறு எப்போதும் தொளதொளவென்று தொங்க வேண்டும், இழுக்கவே கூடாது. முதல் வாரம் தொரை ஒன்றையும் நம்பவில்லை. துண்டு கட்டிய அண்ணனைத் திருடனைப் பார்ப்பது போலப் பார்த்தான். பன்னிரண்டாம் நாள் அண்ணன் உள்ளே போனபோது தொரை படுத்தபடியே அசை போட்டான், எழவில்லை. அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தான். கண்ணில் தண்ணீர், வாயில் துண்டு.

"சைரனுக்கு என்ன ஆச்சு?" என்று பண்ணையே கேட்டது. தொண்டையில் புண் என்றேன். ஃபெயிலான காளையை அறுபது நாள் விந்து எடுக்கும் முற்றத்துக்குக் கொண்டுவர மாட்டார்கள். ஆனால் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அங்கே ஆள் இருக்காது. அப்போது தொரையை அங்கே நடத்திக் காட்டிப் பழக்கினோம். மேனேஜர் ஒரு நாள் பார்த்துவிட்டார். "அடியாத மாடு படியாதுன்னு சும்மாவா சொன்னாங்க? நீங்க என்ன தொரைக்குத் தாலாட்டுப் பாடறீங்க?" என்றார். "பாடிக் கறக்கற மாட்டைப் பாடித்தான் சார் கறக்கணும்" என்றேன். காளையிடம் கறக்கிற பேச்சா என்று தலையில் அடித்துக்கொண்டு போனார்.

அறுபதாவது நாள் காலை லாரி வந்து வாசலில் நின்றது. பலகையைக்கூட இறக்கி வைத்திருந்தார்கள். அண்ணன் அதைப் பார்த்தான். தொரையின் தோளில் இரண்டு தட்டினான். இருவரும் முற்றத்துக்கு நடந்து வந்தார்கள். மீசைக்காரர் குழாயோடு தயாராக நின்றார்.

அப்போது மேனேஜர் வந்தார். கூடவே தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு பேர், ஒருவர் கையில் போனை உயர்த்திப் படம் பிடித்தபடி. மூவரும் சந்தைக்கு வந்த மாதிரி பேசிக்கொண்டு வந்தார்கள். தொரையின் காது திரும்பியது.

நான் முற்றத்தின் இரும்புக் கேட்டை இழுத்துச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன்.

"கேட்டைத் திறங்க மேடம்."

"முடியாது சார்."

"என்ன?"

"முடியாதுன்னு சொன்னேன். போர்டைப் படிங்க."

கேட்டில் தொங்கும் போர்டில் எழுதியிருப்பது இதுதான்: விந்து எடுக்கும் நேரத்தில் வெளியாட்கள் உள்ளே வரக் கூடாது. கீழே கையெழுத்து மேனேஜருடையது. போன் வைத்திருந்தவர் அதை வாய்விட்டுப் படித்துவிட்டுச் சிரித்தார். மேனேஜருக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. என்னை விட்டுவிட்டு அண்ணனைப் பார்த்துக் கத்தினார்.

"யோவ் சைரன்! வந்து கேட்டைத் தொற!"

பத்தடி தூரம்தான். அண்ணன் முதுகைக் காட்டி நின்றான், அசையவில்லை. "யோவ்! உன்னைத்தான்யா!" தொரை தலையைத் தூக்கினான். இரண்டு மாதம் பட்ட பாடு ஒரு நிமிஷத்தில் போகப் போகிறது என்று நினைத்தேன். ஆனால் தொரை மேனேஜரைப் பார்க்கவில்லை, அண்ணனைத்தான் பார்த்தான். அண்ணன் எதையும் கேட்கவில்லை, அதனால் பதறவில்லை. கழுத்தில் வைத்த கை அப்படியே இருந்தது. இவன் பயப்படவில்லை என்றால் பயப்பட ஒன்றும் இல்லை என்று தொரை முடிவு செய்திருக்க வேண்டும். தலையைத் தாழ்த்தினான். மீசைக்காரர் வேலையை முடித்தார்.

குழாயை வாங்கிக்கொண்டு லேப்புக்கு ஓடினேன். ஸ்லைடு, துளி, லென்ஸ். பார்த்தேன். கலைந்த எறும்புப் புற்றேதான். மறுபடி எண்ணினேன், மூன்று ஸ்லைடு. எழுபத்தெட்டு. தலைமை அலுவலகக்காரர் ஒருவரைக் கூப்பிட்டு, "நீங்களே பாருங்க" என்று நாற்காலியை விட்டு எழுந்தேன். அவர் பார்த்துவிட்டு, "கொதிக்குதே!" என்றார்.

பாஸ் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முதல் கையெழுத்தும் பொய் இல்லை, இதுவும் பொய் இல்லை.

தாளோடு முற்றத்துக்குத் திரும்பியபோது மேனேஜர் உள்ளே நின்றார். அண்ணனின் முதுகுக்குப் பின்னால் போய் ஓங்கிக் கை தட்டினார். தொரைதான் உதறினான், அண்ணன் இல்லை.

"இந்த ஆளுக்குக் காது கேக்காது! உங்களுக்குத் தெரியுமா?"

"அறுபது நாளாத் தெரியும் சார். அதையும் எழுதிக்கோங்க."

அண்ணன் எங்கள் முகங்களைப் பார்த்தான். புரிந்துவிட்டது. கழுத்தில் தொங்கிய துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். "ஆமா சார், கேக்காது" என்றான். அந்த ஒரு வருஷத்தில் அவன் மெதுவாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "கேக்குதுன்னு பொய் சொன்ன வரைக்கும் அவன் தோத்தான். எனக்கு என்ன வேணா எழுதுங்க. அவன் பாஸ்."

"அவன் பாஸ், நீ கிடங்குக்குப் போ. காளையை மீசைகிட்ட குடு."

அண்ணன் கயிற்றைக் கொடுத்துவிட்டுச் சுவரோரம் இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தான்.

மீசைக்காரர் கயிற்றைச் சுண்டினார். "ஹேய், நடடா!" தொரை நான்கு காலையும் ஊன்றினான். இழுத்தார். "ஹேய்! ஹேய்!" இன்னும் ஊன்றினான். லாரிப் பலகையில் கால் வைக்காமல் அரை மணி நேரம் நின்ற பிடிவாதம் எங்கே போகும்? இன்னும் இரண்டு பேர் வந்து பின்னாலிருந்து தள்ளினார்கள். தொள்ளாயிரம் கிலோ. கேட்டுக்கு வெளியே டெஸ்டுக்கு அடுத்த காளை வந்து நின்று காலை உதைத்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. தலைமை அலுவலகக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"நீங்க கூட்டிட்டுப் போங்க" என்றார் மேனேஜர் என்னிடம்.

"நான் லேப் சார். காளையைத் தொடற வேலை என் ஆர்டர்ல இல்ல."

வேறு வழி இல்லை. "யோவ் சைரன்! வந்து இவனை ஓட்டிட்டுப் போ!"

அண்ணன் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"யோவ்!"

"செவிடன் காதுல ஊதின சங்கு சார்" என்றேன். "இப்பத்தானே நீங்களே சொன்னீங்க, கேக்காதுன்னு?"

மேனேஜர் அண்ணனுக்கு முன்னால் போய் நின்று கையை ஆட்டினார். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டான். மீசைக்காரர் மீசைக்குள் சிரித்ததை நான் பார்த்தேன்.

"இவனை எப்படித்தான் கூப்பிடறது?"

"தோள்ல ரெண்டு தட்டு சார், மெதுவா. ஆனா வெறுங்கையோட போனா எழ மாட்டான். எழுதிக் குடுங்க."

தாளைத் திருப்பி, பேனாவோடு நீட்டினேன். என்ன எழுதுவது என்று அவர் கேட்கவில்லை. இன்னொரு ஆளின் பார்வையில், சுவரில் கண்ணாடி வைத்து, இவர் தொடர்ந்து காளைக் கொட்டகையிலேயே வேலை செய்யலாம். நான் சொல்லச் சொல்ல எழுதினார். கேட்டுக்கு வெளியே இரண்டாவது காளை கத்தத் தொடங்கியது. கையெழுத்துப் போட்டார். தலைமை அலுவலகக்காரர் கேட்காமலேயே பக்கத்தில் தன் கையெழுத்தையும் போட்டார்.

பிறகு மேனேஜர் பெஞ்சுக்குப் போனார். ஒரு நிமிஷம் தயங்கினார். குனிந்து, அண்ணனின் தோளில் மெதுவாக இரண்டு தட்டினார்.

அண்ணன் கண்ணைத் திறந்தான். தாளை வாங்கி, எழுத்துக் கூட்டி இரண்டு தடவை படித்தான். நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்துபோய், தொரையின் தோளில் அதே மாதிரி இரண்டு தட்டினான். கயிறு தொங்கியபடியே இருக்க, இருவரும் கேட்டைத் தாண்டி, வாசலில் பலகை இறக்கி நின்ற லாரியைத் தாண்டி, கொட்டகைக்கு நடந்தார்கள்.

"அடுத்த காளையைக் கொண்டாங்க" என்றார் மேனேஜர். ரொம்ப மெதுவாகத்தான் சொன்னார்.